நானா பாலத்துக்கு அங்கால வச்ச சாமான்

என்ட செல்ல நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட பக்கத்துப் பொம்புளையள் மையவாடிக்குப் போறதில்லை. உங்களை அடக்கின இடத்துல, தலமாட்டுல நிண்டு ஸலாம் சொல்லத் தங்கச்சி எனக்கு வழியில்லாதபடியால் இந்தக் கடதாசியில சொல்றன். இதை வேற ஆக்களும் வாசிப்பாங்க, வாசிக்கட்டும். நீங்க ஒண்டையும் மறைச்சு வைக்கத் தெரியாத ஆள். மறைச்சது ஒரே ஒரு விசயம்தான், அதைப் பத்தித்தான் எழுதப் போறன்.

முதல்ல ஏச வேண்டியதை ஏசிட்டு வாறன். உங்கட கம்பியூட்டர் இப்ப மதுரங்குளியில என்ட வீட்டுலதான் இருக்கு. மதினி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிஞ்சு, எத்தாளையில இருக்கிற தாய் வீட்டுக்குப் போகேக்க, நீயே கொண்டு போ பர்ஹானா, அந்த ஃபேன் சத்தம் கேட்டா அவர் உள்ளுக்கு இருக்கிற மாதிரியே இருக்கு எண்டு சொல்லி அழுதா. த்ரீவீல்ல உம்மா ஸ்கிரீனைப் படுக்கை விரிப்பால சுத்தி, பிறந்த புள்ளையைக் கொண்டு வாற மாதிரி மடியில வச்சுக்கொண்டு வந்தா.

வந்து திறந்து பாத்தா, அல்லாஹ்வே, என்ன குப்பை நானா அது. ஃபோல்டருக்குள்ள "புதுசு", அதுக்குள்ள "புதுசு கடைசி", அதுக்குள்ள "இதுதான் கடைசி", அதுக்குள்ளயும் ஒண்டு. சந்தியில கடை வச்சு ஊராக்கள்ட கம்பியூட்டர் எல்லாத்தையும் கண்ணாடி மாதிரித் துடைச்சுத் திருத்திக் குடுத்த மனுசன், சொந்தக் கம்பியூட்டரை இப்பிடியா வச்சிருந்தீங்க? மதினி எப்பிடித்தான் உங்களோட குடும்பம் நடத்தினாவோ தெரியாது.

தெரியாத ஆக்களுக்காக ஒரு சொல்லுச் சொல்றன், கோவிக்காதீங்க. நீங்க விளையாடினது வெளிநாட்டுக் கேம் ஒண்டு. பெரிய நகரம், கடல், காடு எல்லாம் திறந்து கிடக்கும், எங்க வேணுமெண்டாலும் போகலாம். களவெடுக்கணும், சுடணும், பொலிசுக்குத் தப்பி ஓடணும், அதுதான் விளையாட்டு. நீங்க அதுல ஒருத்தரையும் சுட்டு நான் பாக்கல்ல. சிவப்பு லைட்டுக்கு மோட்டுச் சைக்கிளை நிப்பாட்டிப் போட்டு, பச்சை விழும் வரைக்கும் வாயால சூளம் அடிச்சுக்கொண்டு இருப்பீங்க.

அந்தக் கேமைச் செய்த கொம்பனி குடுக்காததை, விளையாடுற ஆக்களே செய்து உள்ளுக்குப் போடலாம். அதுக்கு மொட் எண்டு பேர். நீங்க வருசக்கணக்கா மொட் போட்டுப் போட்டு அந்த நகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழட்டி எடுத்திட்டு, எங்கட புத்தளத்துக் கரையை உள்ளுக்கு வச்சீங்க. மதுரங்குளிச் சந்தி வந்துச்சு. பாலாவி உப்பளம் வந்துச்சு. கரண்ட் எடுக்கிற கற்பிட்டிக் காத்தாடி, புத்தளத்து ரோட்டுல குறுக்க நிக்கிற கழுதை, கொழும்பு பஸ், களப்பு எல்லாம் வந்துச்சு. களப்புத் தண்ணிக்கு நீங்களே வெய்யில்ல நிண்டு படம் எடுத்து, அதையே விரிச்சு விட்டீங்க. கேம்ட கதாநாயகனுக்குச் சாரமும் தொப்பியும் போட்ட அண்டைக்கு நான் சிரிச்ச சிரிப்புக்கு பக்கத்து வீட்டு ஆக்கள் எட்டிப் பாத்தாங்க.

உம்மாக்கு அவன் கேம் பொடியன் இல்ல, எங்கட தம்பி. அஸர் தொழுதிட்டு, பிளேன்டீயும் பணிசும் எடுத்துக்கொண்டு கதிரையை உங்களுக்குப் பக்கத்துல இழுத்துப் போடுவா. பிஸ்மி சொல்லிட்டு வெளிக்கிடு மகன் எண்டுவா. வளைவு வந்தா கதிரைக் கையை இறுக்கிப் பிடிப்பா. எதிர்ல நடந்து போறவனுக்கு ஸலாம் சொல்லாமப் போறாய் எண்டு உங்களை ஏசுவா, நீங்க பொறுக்க ஏலாம ஹோர்ன் பட்டனை அழுத்தினா ஸலாம் சொல்ற மாதிரிச் செய்து வச்சீங்க. மஃரிப் பாங்கு சொல்றதுக்கு முதல் மதுரங்குளியில இருந்து புத்தளம், வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் எண்டு போய் அந்தப் பாலத்தடியில திருப்பிக்கொண்டு வருவீங்க. வாப்பா மௌத்தான பிறகு உம்மா வெளிய போனதெண்டா அந்தப் பயணம்தான் கூட.

பாலத்துக்கு அங்கால என்ன இருக்கெண்டு உம்மாக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காடு, காட்டுக்கு அங்கால முசலிப் பக்கம், அங்க எங்கட பழைய வீடு. அங்க போற உண்மையான பாதையைத் திறக்கிறாங்க, அடைக்கிறாங்க, காட்டுக்குக் கேடெண்டு கேஸ் எண்டு கதைக்கிறாங்க. சண்டை முடிஞ்ச பிறகு சுத்திப் போய் ஒருக்கா பாத்தமே, ஞாபகமா? ஊரெல்லாம் காடு மண்டிக் கிடந்துச்சு. வீடு எந்த இடத்துல நிண்டதெண்டே வாப்பாவால சொல்ல ஏலாமப் போச்சு. அதனால கேமுக்குள்ளயும் நீங்க அந்தப் பாலத்தோட திருப்புறதை நாங்க ஒருத்தரும் கேள்வி கேக்கல்ல.

பிறகுதான் அந்த நோன்பு வந்துச்சு. உம்மா பேரீச்சம்பழத்தைப் பீங்கான்ல அடுக்கிக்கொண்டு இருக்கேக்க நீங்க வந்து சொன்னீங்க.

"உம்மா, பாலத்துக்கு அங்கால ஒரு சாமான் வச்சிருக்கன். பெருநாள் அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீங்கதான் அதைத் தொடணும்."

என்ன சாமான் எண்டு நான் எவ்வளவோ கேட்டன். வாயைத் திறக்கல்ல நீங்க. கேம் பாலத்தடியில கொஞ்சம் இறுகி நிக்குது, அதைச் சரிக்கட்டிட்டுக் காட்டுறன் எண்டு மட்டும் சொன்னீங்க. ரேமைக் கூட்டினீங்க, படம் கீறுற கார்ட் காணாது எண்டீங்க. ஒரு நாள் விடிய முதல் ஸஹர் சோத்துக்கு எழும்பி, நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரியா இருக்கெண்டு சொல்லிப் படுத்தீங்க. பெருநாளைக்கு நீங்க இல்ல.

அதனாலதான் இந்தக் கம்பியூட்டரை என்ட வீட்டுக்குக் கொண்டு வந்தது நானா. உம்மா வேற ஒண்டும் கேக்கல்ல. உங்கட உடுப்பையும் கேக்கல்ல, மணிக்கூட்டையும் கேக்கல்ல. பாலத்துக்கு அங்கால மகன் என்னத்தை வச்சிட்டுப் போனான், அதைப் பாக்கணும், அவ்வளவுதான்.

முதல் நாள் நான் பிஸ்மி சொல்லி வெளிக்கிட்டன். நீங்க கடைசியா நிப்பாட்டின இடத்துல, சந்தியில, மோட்டுச் சைக்கிள் நிண்டுச்சு. புத்தளம் வரைக்கும் போச்சு. வண்ணாத்திவில்லு தாண்ட இழுபட ஆரம்பிச்சுச்சு. பாலத்துக்குக் கிட்ட வர வர ஓடுற படம் ஓடாம, ஒவ்வொரு படமா நிண்டு நிண்டு வந்துச்சு, கல்யாண ஃபோட்டோ அல்பத்தைப் புரட்டுற மாதிரி. பாலத்துல முன் சில்லு ஏறினதும் எல்லாம் உறைஞ்சு, கேம் தானா மூடிக்கொண்டுச்சு. உம்மா கறுத்த ஸ்கிரீனுக்குக் கிட்டக் குனிஞ்சா. பாலம் உடைஞ்சு போச்சா மகள் எண்டு கேட்டா.

என்ட வீட்டுக்காரர் கட்டார்ல இருந்து ஃபோன்ல, முழுக்க அழிச்சுப் போட்டுப் புதுசாப் போடு, பறக்கும் எண்டார். நல்லாச் சொன்னார் கதை. கேம் பறக்கும், உள்ளுக்கு எங்கட ஊர் இருக்காது. எனக்கு வந்த கோவத்துக்கு அண்டைக்கு முழுக்க அவரோட கதைக்கல்ல.

நான் உங்கட தங்கச்சி தானே. பார்மசி வேலையால வந்து, சோத்தை வடிச்சு வச்சிட்டு, பின்னேரத்துல பெட்டியைக் கழட்டினன். உப்புக் காத்துக்குப் பிடிச்ச தூசி ஃபேன்ல பாசி மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. பெயின்ட் அடிக்கிற தூரிகையால தட்டி எடுத்தன், நீங்க காட்டித் தந்த மாதிரியே. ஆணியெல்லாத்தையும் பிஸ்கட் டின் மூடியில வச்சன். அந்த மூடியை நினைச்சுப் பாத்தீங்களா நானா?

நாங்க முதல் கம்பியூட்டர் எடுத்தது அகதிக் கொட்டில்ல இருந்த காலத்துல. கிடுகு வீட்டுக்குள்ள கம்பியூட்டரா எண்டு சாச்சா சிரிச்சார். யாரோ கழிச்சு விட்ட பெட்டி, நீங்க மூண்டு பெட்டியில இருந்து ஒரு பெட்டி செய்தீங்க. மழை வந்தா முதல்ல மூடுறது அதைத்தான், பிறகுதான் அரிசிச் சாக்கை. நான் பிஸ்கட் மூடியில ஆணியைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன், ஒண்டைத் தவற விட்டா மண்ணுக்குள்ள தேடணும். அதுல ஓடின முதல் கார்க் கேம்ல ஓட்டப் போட்டியை விட்டுட்டு நீங்க காரைத் திருப்பி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓட்டினீங்க. ஏன் நானா எண்டு கேட்டன். பின்னால என்ன இருக்கெண்டு பாக்கிறன் எண்டு சொன்னீங்க.

இன்னொண்டும் கேப்பீங்க. கூரையில மழை அடிக்கிற நாள், காய்ச்சல் வந்த நாள், சும்மா பாய்ல படுத்துக் கிடக்கிற நேரம், திடீரெண்டு கேப்பீங்க. "அந்த ஆட்டை ஆராவது அவுத்து விட்டிருப்பாங்களா பர்ஹானா?" தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு உங்களுக்கு அஞ்சோ ஆறோ வயசு. வெள்ளைக் காது வச்ச மண்ணிறக் குட்டி ஒண்டு உங்கட கையாலதான் தண்ணி குடிக்கும், அது முத்தத்துக் கம்புல கட்டிக் கிடந்துச்சு, அதோட உங்களுக்கு ஞாபகம் முடியுது. முழிச்சுப் பாக்கேக்க கற்பிட்டிக் கரை.

நீங்க கேட்டது என்னட்ட. நான் அப்ப பிறக்கவே இல்ல. அந்த வீட்டை நான் கண்டதில்லை, ஆட்டையும் கண்டதில்லை. ஓம் நானா, அவுத்திருப்பாங்க எண்டு ஒரு நாள் சொல்லுவன், எனக்கெப்பிடித் தெரியும் எண்டு இன்னொரு நாள் எரிஞ்சு விழுவன். உம்மாட்டக் கேளுங்களன் எண்டா, உம்மாட மனசு நோகும் எண்டு வாயை மூடிக்குவீங்க. கல்யாணம் முடிச்ச பிறகும் ரெண்டொரு தரம் கேட்டீங்க. பிறகு கேக்கல்ல. நானும் மறந்திட்டன்.

சரி, கேமுக்கு வாறன். தூசி போச்சு, சூடு குறைஞ்சுச்சு, பாலத்துல அதே கதைதான். கார்டுக்குப் புது ட்ரைவர் போட்டன், அதே கதை. பிறகு உங்கட களப்புத் தண்ணிப் படத்தைப் பாத்தன். ஒவ்வொரு துண்டும் சுவர் அளவு பெரிசு. கார்ட் என்ன செய்யும் பாவம். அதையெல்லாம் சின்னனாக்கினன், நிழலைக் குறைச்சன். புத்தளம் வரைக்கும் எண்ணெய் பூசின மாதிரிப் போச்சு. பாலத்துல திரும்பவும் நிண்டுச்சு.

அப்ப நான் செய்ய விருப்பமில்லாததைச் செய்ய வேண்டி வந்துச்சு. எந்த மொட்ல பிழையெண்டு தெரியணுமெண்டா அரைவாசியைக் கழட்டிப் பாக்கணும், சரி வராட்டி மற்ற அரைவாசியை. ஒரு நாள் காத்தாடி போச்சு, கழுதை போச்சு. உம்மா வந்து பாத்திட்டு, காத்தாடி எங்க எண்டு கேட்டா, திருத்தக் குடுத்திருக்கு எண்டன். அடுத்த நாள் சந்தி போச்சு, உங்கட கடை போச்சு. கடை நிண்ட இடத்துல கேம்ட பழைய வெளிநாட்டு பாங்க் கட்டடம் திரும்ப முளைச்சு நிக்குது, அதுக்கு முன்னால எங்கட தம்பி சாரத்தோட தனியா நிக்கிறான். ஜனாஸா எடுத்த அண்டைக்கு எனக்கு அழுகை வரல்ல நானா, எல்லாரும் கதைச்சாங்க. அந்த பாங்க் கட்டடத்துக்கு முன்னால அவன் நிக்கிறதைப் பாத்துத்தான் நான் வாய்விட்டு அழுதன்.

பாதையையும் பாலத்தையும் விட்டு மற்ற எல்லாத்தையும் கழட்டியும் பாலம் விடல்ல. எல்லாத்தையும் பழையபடி பூட்டிட்டு, பெட்டிக்குள்ள எது எவ்வளவு பாடுபடுது எண்டு காட்டுற எண்களைப் பாத்தன். பாலத்தடியில படம் கீறுற கார்ட் சும்மா இருக்கு. யோசிக்கிற ப்ரொசஸர்தான் உயிரைக் குடுக்குது. கல்யாண வீட்டுல பரிமாறுற ஆக்கள் கை கட்டி நிக்க, சட்டியடியில ஒரே ஒருத்தர் வேர்த்துக் கொட்டுறதை யோசிச்சுப் பாருங்க, அப்பிடி. அப்ப பிழை படத்துல இல்ல. பாலத்துக்கு அங்கால எதையோ கேம் ஓயாம யோசிச்சுக்கொண்டு இருக்கு.

அடுத்ததா நீங்க விளையாடிச் சேவ் பண்ணி வச்ச ஃபைலைத் தொடாம, அதே மொட்களோட புதுசா ஒரு விளையாட்டைத் தொடங்கினன். உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தா. சும்மா பாலம் வரைக்கும் போய்ப் பாப்பம் எண்டுதான் போனன். மோட்டுச் சைக்கிள் பாலத்துல ஏறி, இறங்கி, நிக்காமப் போச்சு. காடு வந்துச்சு, முடிஞ்சுச்சு. மணல் பாதை, பனை மட்டை வேலி, கிடுகு வீடு. முத்தத்துல வேப்பமரம், அதுக்குக் கீழ ஒரு கம்பு. கம்புல ஒரு ஆடு கட்டிக் கிடந்துச்சு. மண்ணிறம், வெள்ளைக் காது. கிட்டப் போக ஸ்கிரீன்ல "அவிழ்" எண்டு எழுத்து வந்துச்சு.

பாலத்துக்கு அங்கால வச்ச சாமான் இதுதான். உம்மா தொட வேண்டிய சாமானை நான் தொட்டுட்டன், மன்னிச்சுக்கோங்க. பட்டனை அழுத்தினன். கயிறு கழண்டுச்சு. ஆடு ஒருக்கா தலையை உலுப்பிட்டு நாலடி நடந்து போய் மேய ஆரம்பிச்சுச்சு. ஆணியை எண்ணிப் பிஸ்கட் மூடியில போடுற மாதிரி எவ்வளவு கவனமாச் செய்திருக்கீங்க, கழுத்துல கயிறு இருந்த தடம் கூடத் தெரிஞ்சுச்சு.

கேமை மூடிட்டுத் திரும்பத் திறந்தன். அப்பதான் பிழை பிடிபட்டுச்சு. கம்புல இன்னொரு ஆடு கட்டிக் கிடக்கு. நான் அவிழ்த்ததும் பக்கத்துல மேயுது.

இந்தக் கேமுக்கு ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்லை. நாம பாக்காத பக்கத்தை அது வச்சிருக்காது. முதுகைத் திருப்பிப் போனா, பின்னால நிண்ட மனுசன், நாய், வாகனம் எல்லாத்தையும் துடைச்சுப் போடும். திரும்பி வந்தா வேற ஒண்டைச் செய்து வைக்கும். அதாலதான் அவ்வளவு பெரிய நகரம் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள ஓடுது. நீங்க இந்த ஆட்டுக்கு மட்டும் அதை நிப்பாட்டி வச்சிருக்கீங்க. நாங்க போன பிறகும் அது அங்க இருக்கணும். எந்த ஊருல உள்ள கெட்டிக்காரனும் இந்தப் பிழையை விடமாட்டான் நானா. எங்கட வீட்டுப் புள்ளைதான் விடுவான்.

பிறகு உங்கட பழைய சேவ் ஃபைலைத் திறந்தன். பாலத்தால போக ஏலாதபடியால், கட்டளை எழுதி நேரா முத்தத்துல போய் இறங்கினன். படம் வரச் சுணங்கிச்சு. வந்துச்சு.

ஆடு. முத்தம் முழுக்க ஆடு, வேலியோரம் ஆடு, மணல் பாதை நெடுக, காட்டுக்குள்ள, பாலம் வரைக்கும் ஆடு. எல்லாம் மண்ணிறம், எல்லாத்துக்கும் வெள்ளைக் காது. கம்புல கட்டிக் கிடந்த ஒண்டைத் தவிர, ஒண்டுட கழுத்துலயும் கயிறு இல்ல. எண்ணத் தொடங்கி விட்டுட்டன். நீங்க கேமைத் திறக்கிற நேரமெல்லாம் ஒண்டு கட்டிக் கிடந்திருக்கு, நீங்க போய் அவிழ்த்து விட்டிருக்கீங்க. கடை பூட்டிட்டு வந்து அவிழ்த்திருக்கீங்க. உம்மாவை ஏத்திக்கொண்டு போய் வந்த பிறகு, திரும்பத் தனியாப் போய் அவிழ்த்திருக்கீங்க. எத்தனை தரம் நானா? ஏன் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல? கேம் இறுகினதுக்கு இதுதான் காரணமெண்டு உங்களுக்குத் தெரியாம இருந்திருக்காது. தெரிஞ்சுகொண்டுதான் ரேமிலயும் கார்டிலயும் பழியைப் போட்டிருக்கீங்க, கள்ள நானா.

ஒரு பட்டனால அத்தனையையும் துடைச்சிருக்கலாம். பாலம் அப்பவே திறந்திருக்கும். விரலைக் கொண்டு போய்க் கொண்டு போய் எடுத்தன். நீங்க அவிழ்த்து விட்டதை நான் எப்பிடி இல்லாம ஆக்கிறது?

அதனால வேற மாதிரிச் செய்தன், நீங்க இருந்தா மெச்சியிருப்பீங்க. கம்புல ஆடு வைக்கிறதுக்கு முதல், முந்தி வச்சதா எண்டு கேம் பாக்கணும், இனிப் புது ஆடு வேணாம் எண்டு எழுதினன். கிட்ட ஆள் இல்லாட்டி ஆடுகள் நித்திரை கொள்ளட்டும், கேம் அதுகளைப் பத்தி யோசிக்கத் தேவையில்லை எண்டு எழுதினன். பிறகு அவிழ்ந்த ஆடுகள் எல்லாத்தையும் கரை நெடுகப் பிரிச்சு விட்டன். எலுவன்குளத்துக் குளக்கட்டுல கொஞ்சம், வண்ணாத்திவில்லுல கொஞ்சம், உப்பள வரம்புல, கற்பிட்டியில காத்தாடிக்குக் கீழ. எத்தாளையில விட்டது மிளகாய்த் தோட்டத்துக்குள்ள பூந்து நிக்குது, மதினிட வாப்பா கண்டா சண்டைக்கு வருவார். மதுரங்குளியில உங்கட கடை வாசல்லயும் ஒண்டு. அது படியில படுத்துக்கொண்டு எழும்பவே மாட்டேங்குது.

கம்புல கட்டிக் கிடந்த கடைசி ஒண்டை மட்டும் தொடாம விட்டன். அது உம்மாட பங்கு.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவைக் கூப்பிட்டன். பிளேன்டீ, பணிஸ், கதிரை, எல்லாம் பழைய மாதிரி. உப்பளத்தடியில ஆட்டைக் கண்டு, இது ஆர்ட ஆடு எண்டு கேட்டா, நானாட ஆடு எண்டன். சிரிச்சா. பாலம் வந்துச்சு. உம்மா கதிரைக் கையைப் பிடிச்சா, நான் பிஸ்மி சொன்னன். ஏறி இறங்கிச்சு நானா, ஒரு சொட்டு இறுக்கமும் இல்ல.

காடு முடிய உம்மா சிரிக்கிறதை விட்டுட்டா. கடலால போன இடத்துக்குக் காட்டால வாறம் எண்டு தனக்குள்ள சொன்னா. வேலியைப் பாத்தா. கிணத்தைக் காணல்ல எண்டா, கிணறு அந்தப் பக்கமாம், நீங்க வைக்க மறந்திட்டீங்க. பிறகு முத்தம் வந்துச்சு, மரம் வந்துச்சு. நான் உம்மாட விரலைப் பிடிச்சுப் பட்டன்ல வச்சன். இதைத்தான் நானா உங்களைத் தொடச் சொன்னது எண்டன். உம்மா கையை இழுத்துக்கொண்டா.

"இதை ஏன் கட்டி வச்சிருக்கான்?"

கட்டின ஆட்டை விட்டுட்டு வந்தது அவருக்குக் கவலை, சாகும் வரைக்கும் அதையே யோசிச்சிருக்கார் எண்டு சொன்னன். உம்மா என்னைப் பாக்கல்ல, ஆட்டைப் பாத்துக்கொண்டே கதைச்சா.

"நான் அவுத்து விட்டுட்டுத்தானே வந்தன். வாப்பா நடங்க நடங்க எண்டு சத்தம் போடுறார். நான் திரும்பி ஓடிப் போய் அவுத்து விட்டன். அது மேயப் போகல்ல மகள், எங்களுக்குப் பின்னால கடற்கரை வரைக்கும் வந்துச்சு. இவன் வாப்பாட தோள்ல நித்திரை. வள்ளம் வெளிக்கிட, அது முழங்கால் தண்ணியில நிண்டு கத்துது. முழிச்சான் எண்டா கடல்ல பாய்ஞ்சிடுவான் எண்டு பயந்து, என்ட முந்தானையால இவன்ட மூஞ்சை மூடினன். பிறகு இவன் ஆட்டைப் பத்தி என்னட்ட ஒரு நாளும் கேக்கல்ல. சின்னப் புள்ளை, மறந்திட்டான் எண்டு நினைச்சன்."

 உம்மாட மனசு நோகும் எண்டு நீங்க கேக்கல்ல. நீங்க மறந்திட்டீங்க எண்டு நினைச்சு உம்மா சொல்லல்ல. ஒரே பீங்கான்ல சோறு திண்டுகொண்டு, பக்கத்துப் பக்கத்துக் கதிரையில இருந்துகொண்டு, இத்தனை வருசம். உங்க ரெண்டு பேரையும் நினைச்சா எனக்குக் கோவம் கோவமா வருது நானா, பிறகு பாத்தா கோவப்பட ஆள் இல்ல.

கேள்வியை நீங்க கேட்டது என்னட்ட. அதனால மறுமொழியும் நான்தான் சொல்லணும். ஆடு கட்டிக் கிடக்கல்ல நானா. உங்கட உம்மா அவுத்து விட்டுட்டா, நீங்க நித்திரையா இருக்கேக்க. நீங்க அத்தனை தரம் அவிழ்த்ததும் ஏற்கெனவே அவிழ்ந்த ஆட்டைத்தான்.

அண்டைக்கே, உம்மா பக்கத்துல இருக்கேக்கயே, அந்தக் கயிற்றைக் கேமுக்குள்ள இருந்து எடுத்துட்டன். இப்ப முத்தத்துல கம்பு மட்டும் நிக்குது, ஆடு அதுபாட்டுக்கு மேயுது. இனி ஆர் எப்ப திறந்தாலும் அது அவிழ்ந்துதான் நிக்கும், அதுக்கு நான் பொறுப்பு. கிணற்றை உம்மா சொல்லச் சொல்ல அது நிண்ட பக்கத்துலயே வச்சுக்கொண்டு வாறன். இன்ஷா அல்லாஹ் பெருநாளைக்கு மதினியையும் எத்தாளையில இருந்து கூட்டிக்கொண்டு வந்து, மூண்டு பேருமாப் பாலத்தைத் தாண்டிப் போவம். போற வழியில ஒருத்தரையும் விடாம ஸலாம் சொல்லிக்கொண்டு போவன். நீங்க நிம்மதியா நித்திரை கொள்ளுங்க, இனி எழும்பிப் போய்ப் பாக்கத் தேவையில்லை.

அப்ப பிறக்காமப் போனதால மறுமொழி சொல்லச் சுணங்கிப் போன,
உங்கட தங்கச்சி
பர்ஹானா